வெண்ணெய்நல்லூர் வழக்கும் விண்டோஸ் ஒப்பந்தமும்

திருவெண்ணெய்நல்லூர் கிருபாபுரீசுவரர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அங்கே ஒரு மண்டபத்தைக் காட்டுவார்கள். வழக்குத் தீர்த்த மண்டபம் என்று பெயர். விழுப்புரம் மாவட்டத்தில், பெண்ணையாற்றுக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊரைச் சைவ உலகம் முழுதும் அறிந்திருப்பதற்குக் காரணம் ஒரு வழக்கு. வாதி சிவபெருமான். பிரதிவாதி, மணக்கோலம் கலையாத சுந்தரர். இருவருக்கும் நடுவே இருந்தது ஓர் ஓலை.

கதை தெரிந்ததுதான். ஆனால் 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதைச் சொல்லியிருக்கும் விதத்தை ஒரு முறை நீதிமன்ற நடவடிக்கையாகப் படித்துப் பாருங்கள். புத்தூர் மணப்பந்தலில் வந்து நிற்கும் முதியவர், சுந்தரரின் பாட்டனார் தமக்கு ஆளோலை எழுதிக் கொடுத்திருப்பதாகவும், வழிவழியாக அந்தக் குடும்பம் தமக்கு அடிமை என்றும் சொல்கிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். முதியவர் அசரவில்லை. கிழிந்தது படிதான், மூல ஓலை இருக்கிறது என்கிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்கு வருகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி என்ற மூன்றில் எதைக்கொண்டு நிரூபிப்பாய் என்று அவை கேட்கிறது. மூல ஓலை எல்லார் காதிலும் விழும்படி படிக்கப்படுகிறது. சாட்சிக் கையெழுத்துகள் சரிபார்க்கப்படுகின்றன. அதோடும் விடவில்லை. பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவரச் செய்து, இரண்டு எழுத்தையும் ஒத்துப் பார்க்கிறார்கள். எல்லாம் பொருந்திய பிறகுதான் தீர்ப்பு.

ஒரு மனிதனைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்றால் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும், எழுதியவன் அவன்தானா என்று பார்க்க வேண்டும், கட்டுப்படுகிறவனுக்கு மறுத்துப் பேச இடம் வேண்டும். ஆண்டவனே வாதியாக வந்தபோதும் அந்த அவை இதில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதே ஊரின் கடைத்தெருவில் இன்று புதுப் போன் வாங்குகிறவரைக் கவனியுங்கள். பணத்தை எண்ணிக் கொடுத்ததும் கடைப் பையனே டப்பாவைப் பிரித்து, சிம் போட்டு, திரையில் அடுத்தடுத்து வரும் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போகிறான். மொழி, வைஃபை, ஜிமெயில் கணக்கு, இருப்பிடம், விளம்பரம், ‘ஒப்புக்கொள்கிறேன்’. சில நிமிடத்தில் போன் தயார். வாங்கியவர் கரும்பு வெட்டப் போகிறவராக இருக்கலாம், நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவாக இருக்கலாம். அவர் பெயரில் அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அவர் படிக்கவில்லை, யாரும் படித்துக் காட்டவில்லை. சம்மதம் சொன்ன விரல்கூட அவருடையதில்லை. பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் உதவி செய்கிறான். அவன் செய்யாவிட்டால் அந்த அம்மா நாளைக்கு இன்னொருவரிடம் போய் நிற்பார்.

படிக்காதது யார் குற்றம்?

இந்தப் பேச்சை எடுத்தாலே, ‘படித்துப் பார்த்துவிட்டு அழுத்த வேண்டியதுதானே’ என்று யாராவது சொல்வார்கள். படித்தவர்களே இப்படிச் சொல்வது வருத்தமாக இருக்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெக்டொனால்டும் கிரேனரும் 2008-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒருவர் ஓராண்டில் போய்வரும் இணையதளங்களின் அந்தரங்கக் கொள்கைகளை மட்டும் வரிவிடாமல் படித்தால் 244 மணி நேரம் ஆகும். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் முப்பது நாள். ஸ்மார்ட்போன் எல்லார் கைக்கும் வருவதற்கு முந்தைய கணக்கு இது.

ஓபரும் ஒல்டார்ஃப்-ஹிர்ஷும் செய்த இன்னொரு ஆய்வு, நம் ஆளோலையைப் படித்துவிட்டுத்தான் செய்தார்களோ என்று நினைக்க வைக்கும். இல்லாத ஒரு சமூக வலைத்தளத்தைக் கற்பனையாக உருவாக்கி, 543 மாணவர்களைச் சேரச் சொன்னார்கள். சேரும் கட்டணமாக உங்கள் தலைச்சன் பிள்ளையைத் தர வேண்டும் என்று நிபந்தனைகளுக்குள் ஒரு வரி வைத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. 2010 ஏப்ரல் முதல் தேதி, பிரிட்டனின் கேம்ஸ்டேஷன் கடை தன் இணைய விற்பனை ஒப்பந்தத்தில் வாடிக்கையாளரின் ஆன்மா தனக்குச் சொந்தம் என்று எழுதிவைத்தது. அன்று வாங்கிய 7,500 பேர் ஆன்மாவை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களாலேயே படிக்க முடியாத ஒன்றை, பக்கத்து அரசூரிலிருந்தோ மடப்பட்டிலிருந்தோ வரும் ஒருவர் படித்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. படித்தாலும் என்ன செய்வது? ஒப்பந்தத்தில் 14-ஆவது பத்தி எனக்குப் பிடிக்கவில்லை, அதை அடித்துவிடுங்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதைத் தொடாவிட்டால், பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கிய பொருள் உங்கள் கையில் வெறும் கண்ணாடித் துண்டு. மறுக்க வழியே இல்லாத இடத்தில் வாங்கிய சம்மதத்தைச் சம்மதக் கணக்கில் நான் வைக்க மாட்டேன்.

எதற்குச் சம்மதித்தோம்?

இயங்குதளம் என்பது கணினியிலோ போனிலோ மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் மென்பொருள். விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், லினக்ஸ் எல்லாம் அந்த வகை. ஒரு செயலி பிடிக்கவில்லை என்றால் நீக்கிவிடலாம். இயங்குதளத்தை அப்படி நீக்க முடியாது. நீங்கள் தட்டும் எழுத்து, திறக்கும் கோப்பு, நிற்கும் இடம் எல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அதனால்தான் வாட்ஸ்அப் ஒப்பந்தத்தைவிட இந்த ஒப்பந்தம் கனமானது. ஆனால் இதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்.

விண்டோஸின் உரிம ஒப்பந்தம் வெளிப்படையாகவே சொல்கிறது: மென்பொருள் விற்கப்படவில்லை, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே தரப்படுகிறது. ஒப்பந்தத்தை ஏற்று மென்பொருளைப் பயன்படுத்துவதன் மூலம், மைக்ரோசாஃப்ட் தன் அந்தரங்க அறிக்கையில் சொல்லியிருக்கும்படி உங்கள் தகவலைச் சேகரிக்கவும், பயன்படுத்தவும், வெளியிடவும் நீங்கள் இசைகிறீர்கள். அந்த அறிக்கை வேறோர் இடத்தில் இருக்கும் தனி ஆவணம். அது காலத்துக்குக் காலம் மாறும்.

2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோதுதான் உலகம் இதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தது. கணினியின் நிலை குறித்த தகவல்களைத் தானாகவே நிறுவனத்துக்கு அனுப்பும் டெலிமெட்ரி என்ற ஏற்பாடு அதில் எல்லாருக்கும் இருந்தது. வீட்டுப் பதிப்பு வைத்திருப்பவர் அதைக் குறைக்கலாம், முற்றிலும் நிறுத்த முடியாது. 2016 ஜூலையில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், தேவைக்கு மேல் தகவல் திரட்டுகிறீர்கள், மூன்று மாதத்துக்குள் சரிசெய்யுங்கள் என்று மைக்ரோசாஃப்டுக்கு நோட்டீஸ் அனுப்பியது. நிறுவனம் மாற்றங்களைச் செய்த பிறகு, 2017-இல் அந்த நடவடிக்கை முடித்துக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நெதர்லாந்தின் ஆணையம், விண்டோஸ் 10 தங்கள் நாட்டுச் சட்டத்தை மீறுவதாக அறிவித்தது.

ஒரு விஷயத்தை இங்கே அடிக்கோடிட்டு வையுங்கள், பிறகு தேவைப்படும். அதே விண்டோஸின் பெருநிறுவனப் பதிப்பிலும் கல்விப் பதிப்பிலும் இந்தத் தகவல் அனுப்புதலை அறவே நிறுத்தும் அமைப்பு உண்டு. வீட்டுப் பதிப்பில் அது கிடையாது. அதாவது நிறுத்துவது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் இல்லை. யார் கேட்டால் தருவது என்பதில்தான் வேறுபாடு.

போன்களின் கதையும் இதுதான். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021-இல் ஆண்ட்ராய்டு போனையும் ஐபோனையும் சும்மா மேசைமேல் வைத்துவிட்டு அவை என்ன அனுப்புகின்றன என்று அளந்தார். சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டுமே தங்கள் நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருந்தன. பகிர வேண்டாம் என்று அமைப்பில் குறித்த பிறகும் பேசின. தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் ஆண்ட்ராய்டு அனுப்பியது சுமார் ஒரு மெகாபைட், ஐபோன் அனுப்பியது 42 கிலோபைட். கூகுள் அந்த ஆய்வு முறையை ஏற்கவில்லை. இன்றைய கார்கள்போல, போன்கள் சரியாக இயங்க இந்தத் தொடர்பு தேவை என்று பதில் சொன்னது. தேவையாகவே இருக்கட்டும். அதை எவ்வளவு என்று தீர்மானிப்பது யார் என்பதுதான் நம் கேள்வி.

2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ‘ரீகால்’ என்ற வசதியை அறிவித்தது. புதிய வகைக் கணினிகளில், சில நொடிக்கு ஒரு முறை திரையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, நீங்கள் பிறகு தேடும்போது எடுத்துத் தரும். அந்தத் திரையில் வங்கிக் கணக்கும் இருக்கும், மருத்துவர் எழுதிய சீட்டும் இருக்கும், மகளுக்குப் பார்க்கும் வரனின் ஜாதகமும் இருக்கும். முதலில் வந்த வடிவத்தில் அந்தப் பதிவுகள் போதிய பூட்டு இல்லாமல் கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கண்டனம் எழுந்தது. ஜூன் மாதமே வெளியீடு தள்ளிப்போனது. விரும்புகிறவர் தாமாக இயக்கினால்தான் ஓடும் என்று மாற்றி, 2025 ஏப்ரலில் வெளியிட்டார்கள். மக்கள் சத்தம் போட்டால் ஒப்பந்தம் மாறும் என்பதற்கு அண்மைச் சாட்சி இது.

தெளிவாகக் கேட்டால் மக்கள் என்ன சொல்வார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஒரு மாற்றம் செய்தது. வேறு செயலிகளிலும் இணையதளங்களிலும் உங்களைப் பின்தொடர இந்தச் செயலியை அனுமதிக்கலாமா என்று, ஒரே வரியில், ‘வேண்டாம்’ என்ற பொத்தானும் அதே அளவில் தெரியும்படி கேட்டது. ஏராளமானோர் வேண்டாம் என்றார்கள். அதனால் 2022-இல் தன் வருமானத்தில் 1,000 கோடி டாலர் அளவுக்கு அடி விழும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னது. அந்தரங்கத்தைப் பற்றி மக்களுக்கு அக்கறை இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். அவர்களிடம் முறையாகக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஒரு தொடுதலின் விலை

இதெல்லாம் எங்கோ நடக்கும் பெரிய விஷயம், நம்மிடம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கொரோனா காலத்துக் கடன் செயலிகளை நினைத்துப் பாருங்கள். ஐயாயிரம், பத்தாயிரம் அவசரத்துக்குக் கிடைக்கிறது என்று செயலியை இறக்கினார்கள். உங்கள் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதிக்கலாமா என்று ஆண்ட்ராய்டு கேட்டது. அனுமதித்தால்தான் கடன். அனுமதித்தார்கள். தவணை தவறியதும் அந்த எண்களுக்கெல்லாம் போன் போனது: சம்பந்தி வீட்டுக்கு, பள்ளி ஆசிரியருக்கு, வேலை கொடுத்த முதலாளிக்கு. புகைப்படங்களை ஆபாசமாக ஒட்டி அனுப்பினார்கள். தற்கொலைகள் நடந்தன. 2021 தொடக்கத்தில் சென்னைக் காவல்துறை இந்தக் கும்பல் ஒன்றைப் பிடித்தபோது சீன நாட்டினரும் அதில் கைதானார்கள். கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்கவே கூடாது என்று கூகுள் தன் விதியை மாற்றியது 2023 மே 31 முதல். அந்த ஒரு விதி மூன்று ஆண்டு முன்னால் வந்திருந்தால் எத்தனையோ குடும்பம் பிழைத்திருக்கும். பூட்டும் சாவியும் இயங்குதளத்தின் கையில்தான் இருந்தன.

அந்தச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதற்கு மேலும் ஒரு ஒப்பந்தம் காரணம். அது நமக்குக் காட்டப்படுவதே இல்லை. போன் தயாரிக்கும் நிறுவனத்துக்கும் கூகுளுக்கும் இடையில் போடப்படுவது. பிளே ஸ்டோர் வேண்டுமானால் கூகுளின் மற்றச் செயலிகளையும் சேர்த்தே போனில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்ற ஏற்பாட்டை இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்து, 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்த அபராதத்தை உறுதி செய்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

தனி மனிதரின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன புட்டசாமி தீர்ப்பு பலருக்கும் தெரியும். அதற்குப் போன பாதையில் முக்கியமான மைல்கல் தமிழ்நாட்டில் நடப்பட்டது என்பது அவ்வளவாகத் தெரியாது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் இதழின் கோபால் தொடுத்த வழக்கில், 1994-இலேயே உச்ச நீதிமன்றம், தன்னை நிம்மதியாக விட்டுவிடச் சொல்லும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்றது. எழுத்துச் சுதந்திரத்துக்காக நடந்த வழக்கு அந்தரங்க உரிமைக்கும் அடித்தளம் ஆனது.

ஒப்பந்தம் என்று வந்தால், 1872-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றும் நமக்கு. அதன் 11-ஆம் பிரிவுப்படி ஒப்பந்தம் செய்ய 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சிறுவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்த்துச் சொல்லிவிட்டது. நம் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை போனில் எத்தனை ஒப்பந்தத்துக்கு ‘சரி’ சொல்லியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இந்த அடிப்படைக் கேள்வியோடு யாராவது நீதிமன்றப் படியேற வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

பேரம்பேசும் வலு சமமாக இல்லாத இருவருக்கிடையே, வலியவன் அச்சடித்து நீட்டிய தாளில் எளியவன் போட்ட கையெழுத்தை நீதிமன்றம் கண்மூடி ஏற்காது என்று 1986-இல் பிரஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஒரு வேலை ஒப்பந்தம் பற்றிய வழக்கு. ஆனால் வாதம் அப்படியே இங்கும் பொருந்துகிறது.

விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கத் தீர்ப்புகளே தேவையில்லை. தகப்பன் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் உழைத்த கதை இந்த மண்ணில் பழங்கதை ஆகிவிடவில்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் எத்தனை ஆண்டுகளாக அந்த மக்களுக்காக நிற்கிறார்கள்! 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், ரேகை வைத்த தாள் இருக்கிறதா, சாட்சி இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட ஒப்பந்தம் எதுவானாலும் செல்லாது என்றது. சூளையில் வெந்த உடம்பையும் போனில் போன தகவலையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வராது, வைக்கவும் கூடாது. ஆனால் கையெழுத்து இருக்கிறது என்பதாலேயே ஒப்பந்தம் நியாயமாகிவிடாது என்பதை இந்தியச் சட்டம் ஏற்கெனவே ஒரு முறை உரக்கச் சொல்லியிருக்கிறது.

இப்போது புதிய சட்டமும் வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் தந்திருக்கிறார்கள், அதாவது 2027 மே. சம்மதம் என்பது கட்டாயமின்றி, குறிப்பிட்ட காரியத்துக்காக, விவரம் அறிந்து, நிபந்தனையின்றித் தரப்பட வேண்டும். சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும்; அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி எதிலுமோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது. இந்தக் கடமை நடைமுறைக்கு வந்ததும், தமிழில் கொடு என்று கேட்பது வேண்டுகோள் அல்ல, சட்டப்படியான உரிமை.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய குறைகளும் தெரிகின்றன. அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள 17-ஆம் பிரிவில் வாசலை அகலத் திறந்து வைத்திருக்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு முக்கியமான பிரிவையும் இதைச் சாக்காக வைத்துச் சுருக்கிவிட்டார்கள். அதற்குத் தனிக் கட்டுரையே எழுத வேண்டும்.

மடிக்கணினி தந்த அரசு

2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். பிறகு வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் தமிழ்நாட்டு மாணவர் கைகளுக்குப் போயின. கூரை வீட்டுக்குள் முதல் கணினி நுழைந்தது அப்படித்தான். அக்காவுக்கு வந்ததில் தம்பி தட்டச்சு பழகினான். அண்ணன் படித்து முடித்த பிறகு அது தங்கையின் வேலைக்கான விண்ணப்பங்களை நிரப்பியது. அந்தத் திட்டத்தைப் பழிப்பவர்கள் கிராமத்துப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததில்லை.

அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் ஏற்றித் தரப்பட்டது. பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம். தமிழிலேயே பயன்படுத்தலாம். டெபியன் என்ற கட்டற்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டு அரசு இதில் முன்னோடியாக இருந்த காலம் ஒன்று உண்டு. மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் தன் நிறுவனத்துக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று மாநில அரசே அறிவுறுத்தியது. ஆனால் ஏற்றித் தந்ததோடு வேலை முடிந்ததாக நினைத்துவிட்டார்கள். ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை, பாடம் அதில் இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை. கடைக்குப் போன கணினி விண்டோஸ் மட்டுமாகத் திரும்பி வந்தது. பக்கத்து மாநிலமான கேரளம் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளையே பாடமாகவும் கருவியாகவும் வைத்து, ஆசிரியர்களைப் பழக்கி, இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறது. நம்மால் முடியாததில்லை.

கட்டற்ற மென்பொருளின் உரிம ஒப்பந்தம் வேறு மாதிரி. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்திலிருந்து பிறந்த பொது உரிமம், மென்பொருளை ஓட்டவும், பிரித்துப் பார்க்கவும், மாற்றவும், பகிரவும் உங்களுக்குச் சுதந்திரம் தருகிறது. அந்த உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் ஒரு வரி இருக்கிறது: ஒரு படியைப் பெறவோ இயக்கவோ இந்த உரிமத்தை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. வெறுமனே பயன்படுத்துகிறவரிடம் கையெழுத்தே கேட்காத ஒப்பந்தம்!

லினக்ஸ் என்றாலே தகவல் வெளியே போகாது என்று நான் சொல்ல வரவில்லை. 2012-இல் உபுண்டு என்ற லினக்ஸ் வகை, பயனர் தன் கணினிக்குள் தேடும் சொற்களை அமேசான் பரிந்துரைகளுக்காக வெளியே அனுப்பியது. ஸ்டால்மனே அதை உளவு மென்பொருள் என்று கண்டித்தார். என்ன நடக்கிறது என்பதை எல்லாரும் பார்க்க முடிந்ததால் எதிர்ப்பும் பெரிதாக எழுந்தது. 2016 பதிப்பில் அது இயல்பாகவே முடக்கப்பட்டது. மூடிய மென்பொருளில் இதைக் கண்டுபிடிக்கவே வெளியில் நின்று அளக்க வேண்டியிருக்கிறது.

விழுப்புரத்தில் 2013 முதல் இயங்கிவரும் குனு/லினக்ஸ் பயனர் குழுவை இங்கே சொல்லியாக வேண்டும். வேலைக்குப் போகும் இளைஞர்கள், விடுமுறை நாளை விட்டுக்கொடுத்து, கிராமத்து மாணவர்களுக்கு லினக்ஸும் நிரலாக்கமும் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். தனியுரிமை பற்றிப் பேசுகிறார்கள். சென்னையும் பெங்களூரும் கவனிக்காத ஒரு மாவட்டத் தலைநகரில் இப்படி ஒரு வேலை இத்தனை ஆண்டு நடப்பது எனக்குப் பெரிய நம்பிக்கை.

ஆனாலும் எல்லாரும் நாளைக்கே லினக்ஸுக்கு மாறுங்கள் என்று சொல்வது நியாயமாகாது. மளிகை மண்டிக்காரருக்குக் கணக்கெழுத டாலி வேண்டும். அது விண்டோஸில்தான் ஓடும். ஸ்டுடியோக்காரருக்கு ஃபோட்டோஷாப். இ-சேவை மையத்தில் கைரேகைக் கருவி பெரும்பாலும் விண்டோஸை நம்பித்தான் இருக்கிறது. அவர்கள் செய்யக்கூடியது சிறியது, ஆனால் உடனே செய்யலாம்: விண்டோஸ் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் போய், விருப்பக் கண்டறிதல் தரவையும் விளம்பர அடையாள எண்ணையும் அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டிலும் விளம்பர அடையாள எண்ணை அழிக்கலாம்; கூகுள் கணக்கில் இருப்பிட வரலாற்றை நிறுத்தலாம். தொடர்பு எண்களைக் கேட்கும் ஒவ்வொரு செயலிக்கும் முதலில் மறுத்துப் பாருங்கள். பல செயலிகள் மறுத்த பிறகும் நன்றாகவே வேலை செய்யும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. புதிய விண்டோஸ் ஏறாத பழைய மடிக்கணினி பரணில் கிடந்தால், விழுப்புரத்துப் பிள்ளைகளிடம் கொண்டுபோங்கள். அதில் லினக்ஸ் ஓடும்.

வாங்கும் கைக்குள்ள வலு

தனி ஆள் ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மொத்தமாக வாங்குகிறவர் மாற்றலாம். 2018-இல் நெதர்லாந்து நீதித்துறை அமைச்சகம், அரசு அலுவலகங்களில் ஓடும் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் எதையெல்லாம் அனுப்புகிறது என்று தணிக்கை செய்ய ஏற்பாடு செய்தது. சுமார் மூன்று லட்சம் அரசுக் கணினிகள் சம்பந்தப்பட்ட விஷயம். அறிக்கை வெளியானது, பேச்சுவார்த்தை நடந்தது, 2019-இல் ஒப்பந்த விதிகளே மாறின. அந்த மாற்றத்தைப் பிறகு உலகெங்கும் உள்ள தன் வணிக வாடிக்கையாளர்களுக்கும் மைக்ரோசாஃப்ட் விரித்தது. நம் நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகமும் 2023-இல் தன் கணினிகளுக்கு உபுண்டு அடிப்படையிலான மாயா இயங்குதளத்தைத் தேர்ந்தது. அரசு தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்துதான் இருக்கிறது.

2025 மார்ச்சில் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக அறிவித்தது. நெதர்லாந்து அரசு பேரம் பேசியதைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு எண்ணிக்கை இது. இனி வரும் எந்தக் கொள்முதல் ஆவணத்திலும் எல்காட் சில வரிகளைச் சேர்க்கலாம். மாணவர் கணினியில் விண்டோஸ் ஏறுவதானால், தகவல் அனுப்புதலை முழுதும் நிறுத்தக்கூடிய கல்விப் பதிப்பே ஏற வேண்டும். நிறுத்தப்பட்ட நிலையிலேயே மாணவர் கைக்கு வர வேண்டும். நிறுவனக் கணக்கு தொடங்கினால்தான் கணினி திறக்கும் என்ற கட்டாயம் கூடாது. உரிம ஒப்பந்தத்தின் சாரமும் அந்தரங்க அறிவிப்பும் எளிய தமிழில் அச்சடித்த தாளாகப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். கட்டற்ற இயங்குதளம் ஒன்றும், அதை நடத்தத் தெரிந்த ஓர் ஆசிரியரும் ஒவ்வொரு கல்லூரியிலும் வேண்டும்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஒப்பந்தப்புள்ளி எழுதும்போது நாலைந்து பத்தி கூடுதலாக எழுத வேண்டும். திருவெண்ணெய்நல்லூர் இருப்பது திருக்கோவிலூர் சட்டமன்றத் தொகுதியில். அந்தத் தொகுதியின் உறுப்பினரோ, விழுப்புரம், திண்டிவனம், விக்கிரவாண்டி உறுப்பினர்களில் ஒருவரோ, தகவல் தொழில்நுட்பத் துறை மானியக் கோரிக்கை அன்று எழுந்து, மாணவர்களுக்குத் தரும் கணினிகள் என்னென்ன தகவலை யாருக்கு அனுப்புகின்றன, அதற்கு யார் சம்மதித்தார்கள் என்று அமைச்சரிடம் கேட்கட்டும். பதில் அவைக்குறிப்பில் ஏறட்டும்.